வட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை

மார்ச் 3

அண்ணா,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கும் முதலில் பிரிக்க வேண்டும், பிரித்தால் நாலு வரியாவது கண்ணில் படும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் திரைக்கதையின் கிணற்றுக் காட்சியைப் போனில் வாசித்துக் காட்டினேன். ஆறு பக்கம் வரை 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாய். ஏழாவது பக்கத்தில் "இதை யாருகிட்ட எல்லாம் வாசிச்ச?" என்றாய். வகுப்பில் ஏழு பேரிடம் என்றேன். "இதையா சினிமாவுல காட்டப் போற?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய்.

அதில் உன்னைக் கேவலப்படுத்த என்ன இருக்கிறது? நடந்ததைத்தானே எழுதினேன். பதினேழு வயதுப் பையன் உறைக்கிணற்றில் சேறு வார இறங்குகிறான். மேலே கயிற்றைப் பிடித்திருந்த மாமா மறுமுனையைக் கட்ட மறந்துவிடுகிறார். கப்பியில் சறுக்கி முழுக் கயிறும் பையன் தலைமேலேயே போய் விழுகிறது. மாமா வேறு கயிறு வாங்க சைக்கிளில் போகிறார். போகும்போது பதினோரு வயதுத் தங்கையிடம், "அவன்கூட பேசிக்கிட்டே இரு, பயப்படாம இருப்பான்" என்கிறார். அவள் காலையிலிருந்து பிற்பகல் வரை அந்த விளிம்பை விட்டு நகராமல் பேசுகிறாள். அவன் கீழிருந்து "ஆங், ஆங்" என்கிறான். மாமாவைக் கேலி செய்துவிட்டேன் என்று கோபமா? அவரே இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தவர்தானே.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானாகவே சொல்கிறேன். லிஃப்ட் கம்பெனியில் புகார் மேசை. யாராவது லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்துவார்கள், என் காதில் ஒலிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். இந்த வேலைக்கு எடுத்தபோது, "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு, பதினோரு வயதில் ஒருநாள் என்றேன்.

அழைப்பு இல்லாத நேரத்தில் புகார்ச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். சனிக்கிழமை பிற்பகல் திரைக்கதை வகுப்பு, ஒரு டிரைவிங் ஸ்கூல் மாடியில். ஏப்ரல் முப்பதுக்குள் முழுக் கதையையும் கொடுக்க வேண்டும். ஏழு பேரில் ஒருவருடையதைத்தான் படமாக எடுப்பார்கள். கிணறு இல்லாமல் என் கதை இல்லை. நீ வேண்டாம் என்றால் நான் கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்.

உன் தங்கை

*

மார்ச் 12

வாயாடிக்கு, அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுறது.

உன் கடுதாசி வந்துச்சு. வந்த கதையை முதல்ல கேளு. தபால்காரர் வாசல்ல நின்னு, "இந்தக் காலத்துல யாருங்க கையால எழுதுறாங்க, கோர்ட்டு கேஸு ஏதாச்சும் ஓடுதா"ன்னு கேட்டார். கேஸெல்லாம் இல்ல, என் தங்கச்சி, சினிமாவுக்குக் கதை எழுதுறான்னேன். அவ்வளவுதான், பைய இறக்கி வச்சிட்டு உக்காந்துட்டார். அவர் சின்ன வயசுல சினிமாக் கொட்டகையில டிக்கெட் கிழிச்சவராம். எல்லாரையும் இருட்டுல டார்ச் அடிச்சு உக்கார வச்சிட்டுத்தான் அவர் படம் பாக்க முடியுமாம். அதனால எந்தப் படத்துலயும் முதல் கால் மணி நேரம் அவருக்குத் தெரியாது. யாரு யாருக்கு அண்ணன், எவன் எவனை எதுக்கு அடிக்கிறான், ஒண்ணும் புரியாமலே நானூறு படம் பாத்திருக்கார். "அதனால கெட்டுப் போயிடலீங்க, வாழ்க்கையும் அப்படித்தானே நடுவுல இருந்து பாக்கிறோம்"னு சொல்லிட்டு, தண்ணி ஒரு செம்பு குடிச்சிட்டுப் போனார். அவர் போனப்புறம்தான் உன் கடுதாசியப் பிரிச்சோம்.

என்ன சொல்ல வந்தேன். ஆங், கிணறு.

இப்பல்லாம் நான் மோட்டார் வச்ச கப்பிதான் போடுறேன். இரும்புக் கம்பி, ரெண்டு கொக்கி. மறுமுனையைக் கட்டிட்டியான்னு மூணு தரம் கேக்காம இறங்க மாட்டேன். கூட வேலை செய்றவங்க எனக்கு 'மறுமுனை'ன்னே பேர் வச்சிட்டாங்க. போன வாரம் ஒருத்தர் வீட்டுல இறங்கினேன், உள்ள ஒரு ஆமை இருந்துச்சு. அது எப்ப இறங்குச்சு, யாரு இறக்கினா, வீட்டுக்காரருக்கே தெரியல. மேல கொண்டாந்து விட்டா அது திரும்பத் திரும்பக் கிணத்தப் பாத்தே நடக்குது. சரி, அதோட வீடு அது, நாம யாருன்னு விட்டுட்டேன்.

(நான் அண்ணி எழுதுகிறேன். இவர் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரமாகக் கை வலிக்கிறது. விஷயத்துக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.)

விஷயம் இதுதான். மாமாவ நீ எப்படி வேணா எழுது. ஆனா அந்த ஏழாவது பக்கம். பையன் சேத்துல உக்காந்து முழங்காலுக்குள்ள தலைய வச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுறான்னு எழுதியிருக்க. யாரு சொன்னா உனக்கு? மாமாவா? அவரு அங்கேயே இல்ல. அதைப் போய் முன்னப் பின்ன தெரியாத ஏழு பேருக்கு வாசிச்சிருக்க. இங்க நாலு ஊர்ல என்னைக் கிணத்துக்குள்ள இறங்கச் சொல்றாங்கன்னா, இவன் பயப்பட மாட்டான்னுதான் சொல்றாங்க.

அவ்வளவுதான். வேற கோவம் இல்ல. உடம்பப் பாத்துக்க.

அண்ணன்

*

மார்ச் 21

அண்ணா,

யாரும் சொல்லவில்லை. மாமா சொல்லவில்லை, நான் பார்க்கவும் இல்லை. நாற்பது அடி ஆழத்தில் இருட்டுக்குள் எனக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்த அழுகையை நானாகத்தான் சேர்த்தேன். பக்கம் பக்கமாகத் தங்கை பேசுகிறாளே, பையன் எதையாவது செய்ய வேண்டாமா என்று யோசித்தேன். அழ வைத்தேன். நீ அழவில்லை என்றால் எடுத்துவிடுகிறேன், இதற்காகவா போனை வைத்தாய்?

இப்போது என் தலைவலியைக் கேள். எங்கள் வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு 'கத்தரிக்கோல்' என்று பெயர். என்னைவிட நாலு வயது சின்னவர். முன்பு பெரிய படங்களில் வேலை செய்தவர். ஒரு காட்சியில் எந்தக் கையில் டம்ளர் இருந்தது, அடுத்ததில் எந்தக் கையில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் வேலை. அதனால் கண் அப்படி. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு, 'வாய்ப்பூட்டு' என்பார். நம் காட்சியை வாங்கி, பேச்சு முழுவதையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சத்தமாக வாசிப்பார். பேச்சில்லாமலே விளங்கினால் காட்சி தேறிவிட்டது. அதன்பிறகு வேண்டுமானால் பேச்சைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார், அவர் காட்சி அப்படியே நின்றது. ஒரு கிழவர் பல்செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெண் பார்க்கும் வீட்டுக்குப் போகிறார். ஒரு சொல் இல்லை, எல்லாரும் சிரித்தோம்.

அடுத்து என் முறை. பதினோரு பக்கம். சிவப்புப் பென்சில் போகிறது, போகிறது, பக்கம் திரும்புகிறது, போகிறது. கடைசியில் வாசித்தார்: "ஒரு சிறுமி கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பையன் அழுகிறான்." இவ்வளவுதான் மிஞ்சியது. ஒருவரும் சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் காகிதத்தை என்னிடம் நீட்டி, "நீங்க காதால எழுதுறீங்க. கிணத்துக்குள்ள கேமராவ வச்சா என்ன தெரியும்? அதை எழுதிட்டு வாங்க" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் மேலே இருந்தேன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவள் நான். பார்த்து எழுது என்றால் கை நிற்கிறது. மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். மேற்பார்வையாளர், "என்னம்மா, லிஃப்ட்டு நடுவுலயே நிக்குது போல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கீழே இருந்து உனக்கு என்ன தெரிந்தது? அதை மட்டும் சொல். ஆமையைப் பற்றி வேண்டுமானாலும் சொல், ஆனால் இதையும் சொல்.

தங்கை

*

ஏப்ரல் 2

வாயாடி,

அண்ணிதான் எழுதுறா. போன தடவை எழுதினதுக்குக் கை வலின்னு நாலு நாள் தண்ணி நான்தான் தூக்கினேன். இந்தத் தடவை நேராச் சொல்லிடுறேன்.

உறைக்கிணறுன்னா உனக்குத் தெரியும், சிமெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. அந்தக் கிணத்துக்கு இருபத்திரண்டு உறை. ரெண்டு கையையும் முழுசா நீட்ட முடியாது, அவ்வளவுதான் அகலம். பக்கத்து ஊர்ல ஒருத்தர் இதே மாதிரி போட்டுட்டு, அகலம் பத்தல, குளிக்க இறங்க முடியலன்னு சண்டை போட்டார். கிணத்துல எதுக்குய்யா குளிக்க இறங்குறன்னு மேஸ்திரி கேக்க, அது பெரிய ரகளையாகி, சரி விடு, அது வேற கதை.

கயிறு மொத்தமும் மேல வந்து விழுந்ததும் அதையே சுருட்டி மணை மாதிரி போட்டு உக்காந்தேன். சேறு இடுப்பு வரைக்கும், கயித்து மேல உக்காந்தா முழங்கால் வரைக்கும். அண்ணாந்து பாத்தா வட்டம். தட்டு அளவுக்கு வெளிச்சம். சுத்தி வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தட்டோட ஓரம் ஒரு இடத்துல மட்டும் உடைஞ்சிருந்துச்சு. அது உன் தலை. மூக்கு, கண்ணு ஒண்ணும் தெரியாது, கறுப்பா ஒரு மொட்டு, அதுல இருந்து ரெண்டு சடை தொங்கும். நீ பேசப் பேச சடை ஆடும்.

இன்னொண்ணு பாத்தேன். வெயில். காலையில மேல முதல் உறையில மட்டும் ஒரு கோடு மாதிரி இருந்துச்சு. நேரம் ஆக ஆக ஒவ்வொரு உறையா இறங்குச்சு. கடிகாரம் இல்லாதவனுக்கு அதான் கடிகாரம். இப்ப மூணாவது உறை, இப்ப நாலாவது உறைன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். நம்ம வாத்தியார் பள்ளிக்கூடத்துல எனக்கு எண்ணவே வராதுன்னு சொன்னார்ல, அவரை அங்க இறக்கியிருக்கணும்.

நீ என்ன பேசினன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கோச்சுக்காத. சிமெண்டுக் குழாய்க்குள்ள பேச்சு எப்படி இருக்கும்? குடத்துக்குள்ள ஈ புகுந்த மாதிரி ஙொய்யின்னு ஒரே இரைச்சல். அதோட மேல இருந்து மண்ணு விழுதுன்னு துண்டை ரெண்டு காதையும் மூடி இறுக்கிக் கட்டியிருந்தேன். இரைச்சல் நிக்கிறப்பல்லாம் நீ ஏதோ கேக்கிறன்னு நினைச்சு ஆங்னு சொல்லுவேன். ஒரு வார்த்தை கேட்டதில்ல.

(எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கும் இதே ஆங்தான். - அண்ணி)

அவ அடுப்பப் பாக்கப் போயிட்டா. இனி நானே எழுதுறேன். மூணாங்கிளாஸ் எழுத்து. பாத்து வாசி.

ஒரு நேரம் வட்டம் முழுசா ஆச்சு. உடைஞ்ச இடம் இல்ல. சடை இல்ல. அப்ப வெயில் அஞ்சாவது உறை. திரும்ப உன் தலை வந்தப்ப எட்டாவது உறை. மூணு உறை நேரம் நீ இல்ல.

அப்பதான் அழுதேன். நீ எழுதின மாதிரியேதான். முழங்காலுக்குள்ள தலைய வச்சுக்கிட்டு. நீ ஒளிஞ்சு நின்னு பாத்துட்டன்னு நினைச்சேன். அதான் போனை வச்சேன்.

எங்க போனன்னு கேக்கல. கோவம் இல்ல. அண்ணிக்கு இது தெரியாது.

*

ஏப்ரல் 14

அண்ணா,

இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி. அண்ணியிடம் கொடுக்காதே.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முதலில் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய். அன்றைக்கு என் பேச்சுதான் உன்னை உயிரோடு வைத்திருந்தது என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதை நம்பித்தான் எழுதவும் ஆரம்பித்தேன். எனக்குப் பேசத் தெரியும், என் பேச்சுக்கு ஒரு பலன் உண்டு என்று. அப்படியெல்லாம் இல்லை, குடத்துக்குள் ஈ என்கிறாய்.

அதன்பிறகு மூன்று உறை.

எங்கே போனேன் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும். நீ திடீரென்று ஆங் சொல்வதை நிறுத்திவிட்டாய். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், சத்தமில்லை. செத்துவிட்டாய் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கப் பயம். எழுந்து ஓடிவிட்டேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா வந்ததும் நான் இங்கேயே இருந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் நான் எழுதிய முதல் வசனம். அப்புறம் அங்கே இருக்க அதைவிடப் பயமாகிப் போனதால் திரும்பி வந்தேன். கூப்பிட்டேன். ஆங் என்றாய்.

விளிம்பை விட்டு நகரவில்லை என்று மாமாவிடம் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன், பதினோரு பக்கத்தில் எழுதினேன். நீ அன்றைக்கே தெரிந்துவைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஒரு சொல் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். வழக்கம்போல் ஊர், வேலை, பிள்ளைகள் என்று ஆரம்பித்தேன். அவர் ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. "நான் இங்கேயேதான் இருக்கேன்மா. நீங்க பேசணும்னு இல்ல. லைன வைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். இருபது நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது, என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். கதவு திறந்ததும் "நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். இதுதான் காட்சி.

கிணற்றின் உள்ளே. பகல்.

கீழிருந்து மேலே. இருட்டு. நடுவில் ஒரு தட்டளவு வானம். அதன் ஓரத்தில் ஒரு தலை, இரண்டு சடைகள். சடைகள் ஆடுகின்றன.

வெயில் கோடு ஐந்தாவது உறையில்.

சடைகள் ஆடுவது நிற்கிறது. தலை மறைகிறது. வட்டம் முழுமையாக இருக்கிறது.

வெயில் ஆறாவது உறைக்கு இறங்குகிறது. ஏழாவது உறைக்கு.

வட்டத்தின் ஓரத்தில் மீண்டும் ஒரு தலை.

அவ்வளவுதான் அண்ணா. பதினோரு பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது. பையனை நாம் பார்ப்பதே இல்லை, அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். அவன் அழுதானா என்று யாருக்கும் தெரியாது. சிறுமி எங்கே போனாள் என்றும் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை வகுப்பில் கொடுத்தேன். கத்தரிக்கோல் சிவப்புப் பென்சிலை எடுத்தார், அடிக்க அதில் ஒன்றுமே இல்லை. வாசித்து முடித்ததும் பல் ஆஸ்பத்திரிக்காரர் கழுத்தை நிமிர்த்தி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்னவென்று கேட்டேன். "வட்டத்தைப் பாக்கிறேங்க" என்றார். மற்ற காட்சிகளையும் இப்படியே திருத்திக்கொண்டு வாருங்கள், இதைத்தான் எடுக்கிறோம் என்று கத்தரிக்கோல் சொல்லிவிட்டார்.

முப்பதாம் தேதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உன் கடிதம் வராமல் போட மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இப்போது ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 24

வாயாடிக்கு,

நானே எழுதுறேன். ரெண்டு நாளா எழுதுறேன்.

ஆங் ஏன் நிறுத்தினேன்னா வாய் வறண்டு போச்சு. செத்தெல்லாம் போகல. உனக்குப் பயம்னு தெரிஞ்சிருந்தா காஞ்ச வாயோடயே சொல்லியிருப்பேன்.

நீ போனது நல்லதுன்னுதான் அப்ப நினைச்சேன். நீ எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படி அழுறது. நீ மூணு உறை நேரம் கொடுத்த. அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு அண்ணாந்து பாத்தா, சரியா வந்து நிக்கிற. பேச்சு கேக்கலன்னா என்ன. தலை தெரிஞ்சுச்சுல்ல.

பெரிய எழுத்துல எழுதியும் உன் அண்ணி பாத்துட்டான்னு நினைக்கிறேன். ஒண்ணும் கேக்கல. டீ மட்டும் ரெண்டு தடவ கொண்டாந்து வச்சா. தபால்காரர் உன் படம் எப்ப வரும்னு தினம் கேக்கிறார். இதையாச்சும் ஆரம்பத்துல இருந்து பாக்கணுமாம்.

கையெழுத்துப் போடு. கிணறு வேணும்னா சொல்லு, எனக்குத் தெரிஞ்சு நாலு உறைக்கிணறு இருக்கு. கேமராவ நானே இறக்குறேன். மறுமுனையை மூணு தரம் பாத்துட்டுத்தான்.

ஒரே ஒரு குறை. வெயிலை ஏழாவது உறையோட நிறுத்திட்ட. எட்டாவது வரைக்கும் இறங்கட்டும். அதுக்கப்புறம் உன் தலைய காட்டு.

ஏழுல நான் இன்னும் அழுது முடிக்கல.

அண்ணன்